கம்ப்யூட்டரில் திடீரென்று சத்தம் நின்றால், எங்கே நின்றது என்று தேடுங்கள்

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டில் இரண்டு மாடி கீழே குடியிருக்கும் அக்கா ஒரு சனிக்கிழமை காலை கதவைத் தட்டினார். "தம்பி, நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் பாடிச்சு. இப்போ ஒரு சத்தமும் இல்ல. கடைக்குப் போன் போட்டேன். சவுண்ட் கார்டு போயிருக்கும், மாத்தணும், நூத்தெண்பது வெள்ளி ஆகும்ங்கிறாங்க."

மகளுக்குப் பத்து மணிக்கு இணையத்தில் வீணை வகுப்பு. கீழே போய்ப் பார்த்தேன். மேசையில் மடிக்கணினி. அதன் பக்கத்தில் முந்தின இரவு மாட்டிய புது மானிட்டர். ஓரத்துப் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் உரிக்கவில்லை. திரையின் வலது மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, வந்த பட்டியலில் மானிட்டரின் பெயருக்குப் பதிலாக மடிக்கணினியின் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தேன். போன வாரத்துப் பாடம் கணீரென்று ஒலித்தது.

எதுவும் கெடவில்லை. சத்தம் ராத்திரி முழுவதும் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த மானிட்டருக்கு. அதற்குள் ஸ்பீக்கரே கிடையாது.

சத்தம் நின்றதும் நம் வீடுகளில் வாயில் வருவது நான்கு சொற்கள்: ஸ்பீக்கர் போச்சு, சவுண்ட் கார்டு போச்சு, டிரைவர் போச்சு, வைரஸ் வந்துடுச்சு. இந்த நான்கும் வேறு வேறு விஷயங்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே அர்த்தத்தில் சொல்லிப் பழகிவிட்டோம். அதனால்தான் தேவையில்லாமல் காசு போகிறது. என்ன கெட்டுப்போனது என்று கேட்பதை விட்டுவிட்டு, சத்தம் எதுவரைக்கும் வந்து நின்றது என்று கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். கீழே வரும் பெயர்களெல்லாம் விண்டோஸ் 11-க்கு உரியவை. மேக்கிலும் பாதை இதேதான், பெயர்கள் மட்டும் மாறும்.

பந்தலில் சவுண்ட் செட்காரர் என்ன செய்கிறார்?

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ஒரு பந்தலின் பின்பக்கம் கொஞ்சம் நின்று பாருங்கள். பாடுகிறவர் முன்னால் மைக். அதிலிருந்து ஒரு வயர் மிக்சர் பலகைக்குப் போகிறது. அந்தப் பலகையில் ஒவ்வொரு மைக்குக்கும் தனியாக ஒரு தள்ளுவிசை இருக்கும்: பாடகருக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று, அறிவிப்பாளருக்கு ஒன்று. எல்லாம் அங்கே கலந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போய், பெரிதாகி, வயர் வழியாக ஸ்பீக்கர்களுக்குப் போகும். பந்தலுக்குள் இருக்கும் ஸ்பீக்கரா, தெருவில் கட்டிய ஹாரனா என்பதையும் சவுண்ட் செட்காரர்தான் முடிவு செய்கிறார்.

பாட்டு பாதியில் நின்றால் கூட்டம் அண்ணாந்து ஸ்பீக்கரைப் பார்க்கும். அவர் பார்ப்பது பலகையில் இருக்கும் சின்ன விளக்குகளை. பாடுகிறவர் வாயைத் திறக்கும்போது விளக்கு துள்ளினால், சத்தம் பலகைவரை வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கோளாறு. விளக்கு அசையாவிட்டால் மைக் பக்கம் போய்ப் பார்க்கிறார். ஏணியை எடுத்துக்கொண்டு ஹாரனிடம் ஏறுவதெல்லாம் கடைசியில்தான்.

கணினிக்குள்ளும் இதே வரிசைதான். யூடியூபோ வீடியோ அழைப்போ மைக்கின் இடத்தில் இருக்கிறது. விண்டோஸுக்குள் ஒரு மிக்சர் இருக்கிறது. 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டா முதல் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி தள்ளுவிசை உண்டு. விண்டோஸ் ஆடியோ என்ற பெயரில் பின்னணியில் ஓடும் சேவைதான் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆள். அதற்கு அப்பால் ஒலிச் சில்லு, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர்.

இதுவரை சொன்னது: சத்தம் ஒரு சங்கிலி வழியாக வருகிறது. அதில் எந்தக் கண்ணி விட்டுப்போனாலும் நம் காதுக்குக் கிடைப்பது ஒரே மௌனம். மௌனத்தை வைத்து எந்தக் கண்ணி என்று சொல்லிவிட முடியாது.

உள்ளே இருப்பது புள்ளிக்கோலம்

பந்தலுக்கும் கணினிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பந்தலில் வயருக்குள் ஓடுவது குரலின் அலையைப் போலவே ஏறி இறங்கும் மின்சாரம். கணினிக்குள் அலை கிடையாது, எண்கள்தான்.

வாசலில் புள்ளிக்கோலம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் புள்ளி வைக்கிறோம், பிறகு கோட்டை இழுத்து வளைவுகளாக்குகிறோம். புள்ளிகளை மட்டும் பார்த்தால் கோலம் தெரியாது, ஆனால் கோலத்துக்கு வேண்டியது முழுவதும் அந்தப் புள்ளிகளில் இருக்கிறது. கணினியில் இருக்கும் பாட்டும் அப்படித்தான். சிடியில் ஒரு வினாடிக்கு 44,100 புள்ளிகள், வீடியோக்களில் பெரும்பாலும் 48,000. ஒவ்வொரு புள்ளியும் அந்த நொடித்துளியில் அலை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று சொல்லும் ஓர் எண். சிடியில் அந்த உயரத்துக்கு 65,536 படிகள் இருக்கின்றன.

புள்ளிகளைக் கோடாக இழுப்பது ஒலிச் சில்லின் வேலை. எண்களை மின் அலையாக்கும் இந்தப் பகுதிக்கு டிஜிட்டல்–அனலாக் மாற்றி என்று பெயர். அந்த அலையை ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கி அனுப்ப, ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் ஆடிக் காற்றை அசைக்கிறது. அப்போதுதான் முதன்முதலாக அது 'சத்தம்' ஆகிறது.

சவுண்ட் கார்டு என்ற சொல்லுக்கு இங்கே வருவோம். முன்பெல்லாம் அது உண்மையிலேயே ஓர் அட்டைதான். மேசைக் கணினியைத் திறந்து செருக வேண்டும். இப்போது வரும் கணினிகளில் பெரும்பாலும் அது தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு சில்லு. பழைய கணினி ஏதாவது திறந்து கிடந்தால் பாருங்கள், நிறையப் பலகைகளில் சுண்டுவிரல் நகமளவு கறுப்புச் சதுரத்தில் ஒரு நண்டு படம் இருக்கும். அது தைவான் நிறுவனமான ரியல்டெக்கின் சின்னம். மடிக்கணினியில் கழற்றி மாட்ட அட்டையே கிடையாது. ஆகவே "லாப்டாப்பில் சவுண்ட் கார்டு மாத்தணும்" என்று போனிலேயே யாராவது சொன்னால், தலையாட்டாதீர்கள். எந்தப் பகுதியை மாற்றப்போகிறீர்கள் என்று கேளுங்கள்.

சத்தம் போகும் வாசல்

அக்கா வீட்டில் நடந்ததுதான் நான் அதிகமாகப் பார்க்கும் கோளாறு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு கணினிக்குச் சத்தம் வெளியே போக ஒரு வாசல்தான் என்று நினைக்கிறோம். எண்ணிப் பாருங்கள்: மடிக்கணினியின் சொந்த ஸ்பீக்கர், இயர்போன் ஓட்டை, மானிட்டருக்கோ டிவிக்கோ போகும் எச்டிஎம்ஐ கேபிள், புளூடூத் இயர்போன், யூஎஸ்பி ஹெட்செட். ஐந்து வாசல். விண்டோஸ் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்குத்தான் அனுப்பும். தேர்ந்தெடுத்த வாசலுக்கு 'அவுட்புட்' என்று பெயர்.

எச்டிஎம்ஐ கேபிளில் படத்தோடு ஒலியும் போகும். புது மானிட்டரை மாட்டினதும் அது "ஒலியும் வாங்கிக்கொள்வேன்" என்று சொல்லிக்கொள்கிறது. விண்டோஸ் நம்பி அதற்குத் திருப்பிவிடுகிறது. பல மானிட்டர்களில் ஸ்பீக்கர் இருக்காது, பின்பக்கம் ஓர் இயர்போன் ஓட்டை மட்டும் இருக்கும். சத்தம் அங்கே போய் நிற்கும்.

இதிலேயே ஆளைக் குழப்பும் இன்னொரு விஷயம் உண்டு. அக்கா மடிக்கணினியைக் கடைக்கு எடுத்துப் போயிருந்தால் அங்கே ஜோராகப் பாடியிருக்கும். மானிட்டரின் கேபிளைக் கழற்றியதும் அந்த வாசல் மறைந்து, சத்தம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். வீட்டுக்கு வந்து மாட்டினால் மறுபடி மௌனம். "கடையில பாடுது, வீட்டுக்கு வந்தா பாட மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது வீட்டில் அதோடு என்னென்ன மாட்டியிருக்கிறீர்கள் என்பதைத்தான்.

புளூடூத்தும் இதே வேலையைச் செய்யும். பக்கத்து அறையில் தம்பி இயர்போனை அதன் டப்பாவிலிருந்து எடுக்கிறான். அது முன்பு பழகிய உங்கள் கணினியோடு தானாகவே ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் படத்தின் வசனம் அவன் காதில் கேட்கிறது.

சரிசெய்ய அரை நிமிடம் போதும். ஸ்பீக்கர் படத்தைத் தட்டுங்கள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கோட்டின் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தட்டினால் வாசல்களின் பட்டியல் வரும். வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள்.

சுருக்கமாக: சத்தம் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் புதிதாக ஏதாவது மாட்டினீர்களா, எங்காவது புளூடூத் ஓடுகிறதா என்று யோசியுங்கள். ஆமாம் என்றால் முதலில் வாசலைப் பாருங்கள்.

துள்ளும் பச்சைக் கட்டங்கள்

வாசல் சரியாக இருந்தும் சத்தம் வரவில்லை என்றால்? சவுண்ட் செட்காரரின் விளக்குகள் நம்மிடமும் இருக்கின்றன. ஸ்பீக்கர் படத்தில் வலது கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸுக்குப் போங்கள். அடிப்பகுதியில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்று இருக்கும். அதைத் தட்டினால் பழைய பாணியில் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதில் 'பிளேபேக்' பக்கத்தில் எல்லா வாசல்களும் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் செங்குத்தாக ஒரு கோடு. இப்போது மின்னல் எஃப்எம் ஏதாவது இணையத்தில் ஓடட்டும். அறிவிப்பாளர் பேசப் பேச அந்தக் கோட்டில் பச்சைக் கட்டங்கள் துள்ள வேண்டும். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் தாழ்ந்து மறுபடி எழும்.

நீங்கள் விரும்பிய வாசலில் பச்சை துள்ளுகிறது, காதில் ஒன்றும் இல்லை என்றால், விண்டோஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. கோளாறு அதற்கு அப்பால்: சில்லு, ஓட்டை, வயர், ஸ்பீக்கர். தனி ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் முதலில் அதன் விளக்கு எரிகிறதா, திருகு குமிழைப் பிள்ளைகள் யாராவது குறைத்துவிட்டார்களா, சுவர் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை, நிறைய வீடுகளில் விஷயம் இதுதான்.

எந்தக் கோட்டிலும் பச்சை இல்லை என்றால், சத்தம் புறப்படவே இல்லை. உலாவியின் அந்தத் தாவலை மட்டும் யாரோ ஊமையாக்கியிருக்கலாம், வால்யூம் மிக்சரில் அந்தச் செயலியின் தள்ளுவிசை பூஜ்யத்தில் கிடக்கலாம். வேறொரு செயலியில் ஏதாவது ஓடவிட்டுப் பாருங்கள். அதிலிருந்து வந்தால் முதல் செயலியில்தான் சிக்கல்.

இதே பெட்டியில் 'கம்யூனிகேஷன்ஸ்' என்றொரு பக்கம் இருக்கிறது. அழைப்பு நடக்கிறது என்று விண்டோஸுக்குத் தோன்றினால் மற்றச் சத்தங்களை 80 சதவீதம் குறைத்துவிடு என்பதுதான் அதில் முதலிலேயே போட்டு வந்திருக்கும் ஏற்பாடு. வீடியோ கூட்டம் ஓடும்போது பாட்டு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் இதைப் பாருங்கள். 'டு நத்திங்' என்று மாற்றிவிட்டால் சரியாகும்.

டிரைவர் என்பவர் துபாஷி

பழைய காலத்தில் வணிகர்களுக்கும் துரைகளுக்கும் நடுவில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் நிற்பார். அவரைத் துபாஷி என்பார்கள். அவர் வராத அன்று கடையும் திறந்திருக்கும், வாங்குகிறவரும் நிற்பார், வியாபாரம்தான் நடக்காது.

டிரைவர் அப்படிப்பட்ட ஒரு மென்பொருள். விண்டோஸ் சொல்வதை அந்தக் குறிப்பிட்ட சில்லுக்குப் புரியும்படி சொல்கிறது. அது ஒரு சாமான் இல்லை, வெளியே தெரியாது, காசு கொடுத்து மாற்ற வேண்டியதும் இல்லை. விண்டோஸ் அப்டேட் முடிந்த மறுநாள் சத்தம் போனால் துபாஷி மாறிவிட்டாரோ என்று சந்தேகப்படலாம்.

ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்தால் 'டிவைஸ் மேனேஜர்' வரும். அதில் ஒலிக் கருவிகள் என்ற கிளையை விரித்து, உங்கள் சில்லின் பெயரில் இரட்டைக் கிளிக் செய்யுங்கள். 'டிரைவர்' பக்கத்தில் 'ரோல் பேக்' என்ற பொத்தான் ஒளிர்ந்தால் அழுத்துங்கள், பழைய துபாஷி திரும்பி வருவார். மங்கிக் கிடந்தால் 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து, கணினியை மறுபடி தொடங்குங்கள். விண்டோஸ் தானாகவே புதிதாக ஒருவரை நியமித்துவிடும். அப்போது பட்டியலில் ரியல்டெக் போய், 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்று ஒரு பொதுப்பெயர் வந்தால் பயப்பட வேண்டாம். அது இன்டெல் 2004-ல் வெளியிட்ட பொது விதிமுறையின் பெயர். அந்த விதியின்படி செய்த எந்தச் சில்லோடும் பொதுவான டிரைவர் பேசிக்கொள்ளும். (இன்டெல் என்றால் நமக்கு அந்நியமில்லை. 1972-ல் பினாங்கில் தொழிற்சாலை திறந்த நிறுவனம் அது.)

டிரைவர் வேண்டுமென்றால் கணினியைச் செய்த நிறுவனத்தின் இணையதளத்துக்கே போய், அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் கொடுத்து எடுங்கள். "உங்கள் டிரைவர்களெல்லாம் பழசு" என்று தானாகக் குதித்து வரும் விளம்பரங்களைத் தொடாதீர்கள்.

ஷட் டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு

"மூடித் திறந்தும் பார்த்துட்டேன், வரலை" என்பார்கள். எப்படி மூடினீர்கள் என்பது முக்கியம். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒரு வசதி இருக்கிறது. பெரும்பாலான கணினிகளில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். அது இருக்கும்போது ஷட் டவுன் கொடுத்தால், விண்டோஸ் தன் உள்மையத்தையும் டிரைவர்களையும் இருந்த நிலையிலேயே வட்டில் எழுதி வைத்துக்கொண்டு தூங்கும். காலையில் அதே நிலையோடு எழும். குழம்பிப்போன டிரைவர் குழப்பத்தோடுதான் எழுந்திருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆகவே மறக்காமல் ரீஸ்டார்ட்.

ஓட்டைக்குள் ஒரு சின்னத் தகடு

இயர்போனைச் செருகினதும் ஸ்பீக்கர் நிற்கிறதே, கணினிக்கு எப்படித் தெரிகிறது? ஓட்டைக்குள் வில்போல வளைந்த ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கிறது. செருகும் முனை அதைத் தள்ளும்போது ஓர் இணைப்பு மாறி, சில்லுக்குச் செய்தி போகிறது. நம் ஊர்க் கடல் காற்றிலும் ஈரத்திலும் அந்தத் தகட்டில் துருவோ தூசியோ ஏறிச் சிக்கிக்கொண்டால், எதுவும் செருகாமலே "இயர்போன் இருக்கிறது" என்று கணினி நினைத்துக்கொள்ளும், ஸ்பீக்கரை ஊமையாக்கிவிடும். கணினியை அணைத்துவிட்டு, இயர்போனின் முனையை ஏழெட்டு முறை மெதுவாகச் செருகி எடுங்கள். தகடு பல நேரம் விடுபட்டுவிடும். ஊசி, குண்டூசி வேண்டாம், தகடு வளைந்துபோகும்.

மேசைக் கணினியில் பச்சை ஓட்டை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு. வீட்டைக் கூட்டும்போது கழற்றி மாற்றிச் செருகினாலும் மௌனம்தான்.

இன்னொன்று. பாட்டில் வாத்தியம் கேட்கிறது, பாடுகிறவர் குரல் மட்டும் காணோம் என்றால், அதுவும் இந்த ஓட்டை விவகாரம்தான். முனை முழுசாக இறங்காததால் இரண்டு காதுக்கும் பொதுவான தரை இணைப்பு விட்டுப்போகிறது. அப்போது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கேட்கும். பாடகர் குரலை இரண்டு பக்கமும் சமமாகத்தான் வைத்துப் பதிவு செய்வார்கள், அதனால் அது கழிந்துபோகிறது. கொஞ்சம் அழுத்திச் செருகினால் பாடகர் வந்துவிடுவார்.

சாமானே கெட்டிருந்தால்

இவ்வளவுக்கும் பிறகு, பச்சை துள்ளியும் எந்த ஓட்டையிலும் சத்தம் இல்லை என்றால் சில்லோ ஸ்பீக்கரோ கெட்டிருக்கலாம். நம் நாட்டு இடிமின்னலுக்குப் பிறகு இப்படி நடப்பதுண்டு. மழை கறுத்துக்கொண்டு வந்தால் ஸ்பீக்கரையும் கணினியையும் சுவரிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள்.

எது கெட்டது என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது. இயர்போனில் நன்றாகக் கேட்டு, மடிக்கணினியின் ஸ்பீக்கரில் மட்டும் வரவில்லை, ஓட்டைத் தகடும் சிக்கவில்லை என்றால், சில்லு நலம். ஸ்பீக்கரையோ அதன் வயரையோ மாற்றினால் போதும். இரண்டிலும் வரவில்லை என்றால் ஒரு யூஎஸ்பி ஒலி அடாப்டரை வாங்கிச் செருகுங்கள். கட்டைவிரல் அளவுதான், இரண்டு பேர் நாசி கண்டார் சாப்பிடும் காசுக்குக் கிடைக்கும். அதற்குள் தனியாக ஒரு டிஜிட்டல்–அனலாக் மாற்றி இருப்பதால், பலகையில் இருக்கும் சில்லைத் தொடாமலே சத்தம் வெளியே வந்துவிடும். அதில் இயர்போனைச் செருகிக் கேட்டுப் பாருங்கள். வந்தால், கெட்டது பழைய சில்லின் பக்கம்தான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். அதோடு, தாய்ப்பலகையை மாற்றாமல் அந்த அடாப்டரையே வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டலாம்.

அப்படியும் கடைக்குத்தான் போகிறீர்கள் என்றால், "சத்தம் வரலை" என்று மட்டும் சொல்லிப் பெட்டியை நீட்டாதீர்கள். "பிளேபேக்கில் பச்சை துள்ளுது, இயர்போன்லயும் வரலை, யூஎஸ்பி அடாப்டர்ல வருது" என்று சொல்லுங்கள்.